மூன்றாவது எழுத்துக்குக் கொஞ்சம் சலுகை

வெங்கி ராமகிருஷ்ணனின் ‘ஜீன் மெஷின்’ (2018) புத்தகத்தை, சிதம்பரத்தில் பிறந்தவர் நோபல் வாங்கிய கதையாகப் படிக்கலாம். அதற்கான தீனி நிறையவே இருக்கு. ரைபோசோமின் வடிவத்தை யார் முதலில் காண்பது என்ற போட்டியை, தன் பதற்றத்தையும் பரிசு ஆசையையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நேர்மைதான். ஆனால் எனக்கு அந்த ஓட்டப்பந்தயம் பாதியிலேயே அலுத்துவிட்டது. என்னைப் பிடித்து உட்கார வைத்தது ரைபோசோம்.

செல்லில் புரதம் உருவாகும் வேலைக்கு உயிரியலாளர்கள் வைத்த பெயரே மொழிபெயர்ப்பு. தூது ஆர்என்ஏவின் எழுத்துகளை மும்மூன்றாக வாசித்து, அதற்குரிய அமினோ அமிலத்தைக் கோர்த்துக்கொண்டே போகிறது ரைபோசோம். பாக்டீரியாவில் வினாடிக்குச் சுமார் இருபது. இந்த வேகத்தில் தப்பு வராதா? வரும், சில ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில். எழுத்துகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் வலுவை மட்டும் நம்பியிருந்தால் இன்னும் எவ்வளவோ கூடியிருக்கணும்.

இங்கேதான் ராமகிருஷ்ணன் குழுவின் கண்டுபிடிப்பு வருகிறது. சரியான ஜோடி வந்து உட்கார்ந்ததும் ரைபோசோமின் சில எழுத்துகள் வெளியே நீண்டு, அதன் வடிவத்தைத் தடவிப் பார்க்கின்றன. முதல் இரண்டு எழுத்தில் படு கறார். மூன்றாவதில் சலுகை. மெய்ப்புப் பார்த்தவர்களுக்கு இந்த விரல் தெரியும். பாரோமோமைசின் என்ற மருந்து போய் ஒட்டிக்கொள்வதும் இந்த இடத்தில்தான்: நீளவேண்டிய எழுத்துகளை முன்கூட்டியே நீட்டிவிடுகிறது, தவறான ஜோடிகளும் உள்ளே நுழைந்துவிடுகின்றன. கிருமி தன் வாசிப்பாலேயே கெடுகிறது.

நம் கதைகளில் ‘மரபணுவிலேயே எழுதியிருக்கு’ என்று ஒரு வரி அடிக்கடி வரும். அரிவாள் செல் சோகைக்கு அது பொருந்தும். அங்கே மூலப்பிரதியிலேயே ஓர் எழுத்து மாறிவிட்டது, ஒவ்வொரு பிரதியிலும் அதே பிழை. ரைபோசோமின் பிழை அப்படி இல்லை. ஒரு பிரதியில் வரும், அடுத்ததில் இருக்காது. எழுதியதும் வாசித்ததும் வேறுவேறு என்பதை அந்த வரி விழுங்கிவிடுகிறது.

தலைப்பிலுள்ள ‘மெஷின்’ மீதும் எனக்குச் சண்டை உண்டு. பாக்டீரியாக்களில் இயல்பைவிடத் துல்லியமாக வாசிக்கும் திரிபு ரைபோசோம்கள் உண்டு. பிழை குறைவு, சரி. ஆனால் அவற்றில் பல மெதுவாகத்தான் வளர்கின்றன.