தள்ளுவண்டியும் ஷெஸ்வான் தோசையும்

தோசா பிளாசா உணவகங்களை நிறுவிய பிரேம் கணபதியின் வரலாறு தொழில்முனைவோர் மேடைகளில் பலமுறை சொல்லப்பட்டது. தூத்துக்குடி மாவட்டம் நாகலாபுரத்துக்காரர். 1990-ல் மும்பைக்கு வந்து, மாஹிமில் ஒரு பேக்கரியில் மாதம் 150 ரூபாய்ச் சம்பளத்துக்குப் பாத்திரம் கழுவினார். 1992-ல் வாஷி ரயில் நிலையத்துக்கு எதிரே 150 ரூபாய் வாடகைக்கு ஒரு தள்ளுவண்டியைப் பிடித்து, ஆயிரம் ரூபாயில் அடுப்பும் பாத்திரமும் சாமானும் வாங்கி, இட்லி தோசை வியாபாரத்தைத் தொடங்கினார். குறைந்த முதல், சிறிய அளவு, முதல் நாளிலிருந்தே காசு கொடுக்கும் வாடிக்கையாளர். ஸ்டார்ட்அப் உலகம் எம்.வி.பி. (மினிமம் வயபிள் புராடக்ட், குறைந்தபட்சம் செயல்படும் பொருள்) என்று அழைக்கும் முதல் வடிவத்தின் இலக்கணம் அத்தனையும் அந்த வண்டியில் அமைந்திருப்பதுபோலத் தோன்றும். அமையவில்லை என்பதே என் மதிப்பீடு. இதே நிறுவனத்தின் வரலாற்றில் உண்மையான முதல் வடிவம் ஒன்று உண்டு. அது சில ஆண்டுகள் கழித்து, ஒரு தோல்வியிலிருந்து பிறந்தது.

அளவுகோலைத் தெளிவாக்கிக்கொண்டு மேலே செல்வோம். எம்.வி.பி. என்ற பெயரை 2001-ல் வைத்தவர் ஃபிராங்க் ராபின்சன். 2011-ல் வெளிவந்த தம் நூலின் வழியே அதை உலகெங்கும் பரப்பியவர் எரிக் ரீஸ். ரீஸின் வரையறையில் சிக்கனம் பாதிதான். மிகக் குறைந்த உழைப்பில் வாடிக்கையாளரைப் பற்றி மிக அதிகமாகக் கற்றுத்தருவது எதுவோ அதுவே முதல் வடிவம். பின்வந்தவர்கள் சிக்கனத்தைப் பற்றிக்கொண்டு கற்றலைக் கைவிட்டார்கள். அரைகுறையாகக் கட்டிய செயலிகளுக்கெல்லாம் இன்று இந்தப் பெயர் சூட்டப்படுவது அதனால்தான். ஜாப்போஸ் நிறுவனத்தைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன் 1999-ல் செய்ததை இதற்கு எதிரே வைத்துப் பார்க்கலாம். அவர் உள்ளூர்க் கடைகளில் இருந்த காலணிகளைப் படம்பிடித்து இணையத்தில் போட்டார். யாராவது கேட்டால் அதே கடையில் முழு விலைக்கு வாங்கி அனுப்பினார். அதில் லாபமில்லை. ஆனால் காலணியைப் போட்டுப் பார்க்காமலே ஒருவர் வாங்குவாரா என்ற ஒரே ஐயத்துக்கு அது விடை தந்தது. மற்ற எல்லாவற்றையும், அதாவது கடை, சரக்கு, விலை, தரம் ஆகியவற்றை, அவர் ஏற்கெனவே இருந்தபடியே விட்டுவிட்டார். நல்ல சோதனையின் அடையாளம் இதுவே: தெரியாதது ஒன்று, தெரிந்தவை மற்றவை.

வாஷி வண்டியை இந்த அளவுகோலில் நிறுத்துவோம். பம்பாய்க்காரர் தோசை வாங்கிச் சாப்பிடுவாரா என்பது 1992-ல் எவருக்கும் ஐயமான கேள்வியாக இல்லை. மாட்டுங்காவில் கஃபே மெட்ராஸ் 1940-லேயே திறந்துவிட்டது. ராமா நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-லிருந்து இலை போட்டுக்கொண்டிருக்கிறது. தாராவியின் வீடுகளில் விடியுமுன் இட்லி வேகிறது. அதை அண்டாவில் அடுக்கித் தலையிலும் சைக்கிளிலும் சுமந்து, ஹாரன் அடித்துக்கொண்டு நகரெங்கும் விற்றுவரும் தமிழர்களை மும்பை பல தலைமுறைகளாக அறியும். பொருளுக்கான தேவையை இவர்கள் எல்லோரும் சேர்ந்து நிறுவி முடித்திருந்தார்கள். தாராவி இட்லிக்காரரும் தினமும் கற்கிறார் என்பது உண்மை. அண்டாவில் மிஞ்சியது எத்தனை என்பதை வைத்தே மறுநாள் எவ்வளவு மாவு கரைப்பது என்று முடிவு செய்கிறார். கற்பது அளவை, பொருளைப் பற்றிய ஐயம் அவருக்கு இல்லை. அது தொழிலைச் செம்மையாக நடத்தும் அறிவு, மதிப்புக்குரிய அறிவு. புதிய ஒன்றைச் சோதிக்கும் அறிவு வேறு வகை.

வண்டிக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். செம்பூரைக் கடந்து மான்கூர்டோடு நின்றிருந்த ஹார்பர் லைன், கடற்கழியைத் தாண்டி வாஷிக்கு வந்ததே 1992-ல்தான். புதிய நகரம், புதிய நிலையம், இன்னும் உருக்கொள்ளாத ஒரு கூட்டம். அந்த இடத்தில் வியாபாரம் நிற்குமா என்ற ஐயம் உண்மையானது. அதை வண்டி தீர்த்தது. வண்டியில் நிற்பவர்கள் சுத்தமான உடையணிந்து, தலைமுடி விழாதபடி மறைத்துப் பரிமாறியதும், ஊரிலிருந்து வரவழைக்கப்பட்ட தம்பிகளின் உழைப்பும் அதற்கு உதவின. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்தது கூர்மையான வணிகக் கணிப்பு. அதைப் புதுப்பொருளின் சோதனை என்று அழைக்கப் போதிய ஆதாரமில்லை.

எம்.வி.பி. கோட்பாட்டின் ஒரு குறையும் இங்கே வெளிப்படுகிறது. சோதனை தோற்றால் இழப்பு சிறியது என்ற அனுமானத்தின் மேல்தான் அந்தக் கோட்பாடு நிற்கிறது. முதலீட்டாளரின் பணத்தில் இயங்கும் நிறுவனத்துக்கு அது பொருந்தும். நடைபாதை வண்டியை நகராட்சி லாரி ஏற்றிச் சென்றால், அபராதம் கட்டி மீட்கும்வரை வருமானமும் இல்லை, கருவியும் இல்லை. பிரேம் கணபதியின் வண்டி அப்படிப் பலமுறை பறிமுதல் செய்யப்பட்டது. அவருக்கு 'குறைந்தபட்சம்' என்பது கையிலிருந்த முழுவதும். ரீஸின் நூல் முறையை விளக்குவதில் தெளிவானது. முதல் இல்லாதவனின் சோதனை எவ்வளவு விலையுயர்ந்தது என்பதில் அது போதிய கவனம் செலுத்தவில்லை.

1997-ல் பிரேம் கணபதி வாஷியில் ஒரு சிறிய கடையை வாடகைக்கு எடுத்து, பிரேம் சாகர் தோசா பிளாசா என்று பெயரிட்டார். பிறகு பக்கத்திலேயே ஒரு சீன உணவுக் கடையும் திறந்தார். அது சில மாதங்களில் நஷ்டத்தோடு மூடப்பட்டது. அதன் அமைப்பைக் கவனித்தால் காரணம் தெளிவு. சமையல் புதிது, கைப்பக்குவம் புதிது, வாடிக்கையாளர் புதிது. போட்டியோ பழுத்த போட்டி. நெல்சன் வாங் 1975-ல் கிரிக்கெட் கிளப் ஆஃப் இந்தியாவின் சமையலறையில் சிக்கன் மஞ்சூரியனை உருவாக்கியதற்குப் பின், இந்தியச் சீன உணவு மும்பையின் தெருமுனைவரை இறங்கிவிட்டிருந்தது. இத்தனை தெரியாதவற்றை ஒரே கடையில் அடைத்துவிட்டால், விற்பனை விழும்போது அதற்குக் காரணம் எது என்று யாராலும் பிரித்தறிய முடியாது. முறை என்ற வகையில் அது பலவீனமான முயற்சி.

அடுத்து வந்த படியே இந்த வரலாற்றின் சிகரம். மூடிய கடையின் சாஸும் காய்கறியும் நூடுல்ஸும் தோசைக்கல்லுக்கு வந்தன. ஷெஸ்வான் தோசை, சாப்சுவே தோசை, ஸ்பிரிங் ரோல் தோசை. மேலோட்டமாகப் பார்த்தால் இது மிச்சத்தைத் தீர்க்கும் சாமர்த்தியம். அமைப்பைப் பிரித்துப் பார்த்தால் அதன் நேர்த்தி புலப்படும். தோசைக்குத் தேவை உண்டென்பது நிறுவப்பட்டது. ஷெஸ்வான் காரத்துக்கு மும்பையின் நாக்கு பழகியது என்பதும் நிறுவப்பட்டது. கல், மாவு, ஆள், கடை, வாடிக்கையாளர் எல்லாம் முன்பே கையில். மீதியிருந்த ஒரே ஐயம்: இரண்டும் ஒரே தட்டில் சேருமா? அதைக் கேட்க ஆன செலவு ஒரு தோசை. பதில் வர ஆன நேரம், மேசையில் உட்கார்ந்தவர் சாப்பிட்டு முடிக்கும் நேரம். அவர் மறுபடி கேட்டால் அந்தத் தோசை நிற்கும்; கேட்காவிட்டால் மறுநாள் வேறொன்று. ஸ்வின்மர்னின் காலணிப் படங்களுக்கு இணையாக வைக்கத்தக்க சோதனை இது. செலவிலும் வேகத்திலும் அதைவிடச் சிறந்தது.

ஆயினும் குறை இல்லாமல் இல்லை. நல்ல சோதனைக்கு, வென்றோமா தோற்றோமா என்பதை முன்கூட்டியே அறிவிக்கும் ஓர் எல்லைக்கோடு வேண்டும். 2005-ல் பெங்களூரில் ஐம்பது சதுர அடி அறையில் ஐடி ஃபிரெஷ் மாவு வியாபாரம் தொடங்கியபோது, பி. சி. முஸ்தஃபா தம் உறவினர்களுக்கு ஓர் இலக்கு வைத்தார்: இருபது கடைகளில் நாளுக்கு நூறு பாக்கெட் விற்கட்டும், அதன்பின் மேலும் முதல் போடலாம் என்று. இலக்கை எட்டத் திட்டமிட்டதைவிட அதிக மாதங்கள் பிடித்தன. ஆனாலும் எண் முன்பே இருந்ததால் முடிவெடுப்பதில் மயக்கமில்லை. தோசா பிளாசாவின் வகைகளோ பெருகி 105-ஐத் தொட்டன. அந்த எண் நிறுவனத்தின் விளம்பரமாகவும் மாறியது. திறனாய்வாளனுக்கு அது பெருமையாகத் தெரியவில்லை. சோதனை தன் வேலையைச் செய்திருந்தால் பட்டியல் சுருங்க வேண்டும். வாடிக்கையாளர் திரும்பத் திரும்பக் கேட்கும் பத்துப் பதினைந்து தோசைகள் நிலைத்து, மற்றவை உதிர வேண்டும். கண்டுபிடிக்கும் திறன் இங்கே மிகுதி. கழித்துக்கட்டும் ஒழுக்கம் அதற்கு ஈடாக வளரவில்லை. ராமா நாயக் போர்டிங்கின் சாப்பாடு பல பத்தாண்டுகளாக ஏறத்தாழ மாறாமல் இருப்பதில் அந்த ஒழுக்கத்தைக் காண்கிறேன். புதுமையில் அது தோசா பிளாசாவுக்கு மிகவும் பின்னால் நிற்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

2003-ல் வாஷியின் சென்டர் ஒன் மாலுக்குள் தோசா பிளாசா நுழைந்தது. ஃபிரான்சைஸ் கிளைகளும் தொடர்ந்தன. இந்த வளர்ச்சிக்கு அடிப்படையான கேள்வி ஒன்றை வண்டியும் கேட்கவில்லை, ஷெஸ்வான் தோசையும் கேட்கவில்லை: கணபதி சகோதரர்களின் கை படாமல், வேறொரு முதலாளியின் கடையில், சம்பளத்துக்கு வந்த ஒருவர் வார்க்கும் தோசை அதே தோசையாக இருக்குமா? அந்த ஐயத்துக்கான சோதனை ஃபிரான்சைஸ்தான். அதை ஒரு தோசையின் செலவில் நடத்திவிட முடியாது. வாடகையும் பெயரும் பணயமாகின்றன. அப்படியும் துணிந்து நடத்தியது பாராட்டுக்குரியது. வரிசைப்படுத்தச் சொன்னால், ஷெஸ்வான் தோசையை முதலிலும், மால் கடையையும் ஃபிரான்சைஸையும் இரண்டாவதாகவும், எல்லோரும் கொண்டாடும் தள்ளுவண்டியை மூன்றாவதாகவும் வைப்பேன். சீனக் கடைக்கு இந்த வரிசையில் இடமில்லை. அதன் சாஸ் பாட்டில்களுக்கு உண்டு.