ஆலோசகரின் முதல் கேள்வி

சுவிட்சர்லாந்துக்குத் திட்டம் போட்டுத் தரும் நல்ல ஆலோசகர் முதலில் ஊர் பெயரைக் கேட்பதில்லை. "அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டா? காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்?" என்றுதான் ஆரம்பிப்பார். பாதித் திட்டம் அதிலேயே தயார்.

3,454 மீட்டர் உயரத்திலிருக்கும் யுங்ஃப்ராயோக் மலைக்கணவாயை விமானம் இறங்கிய மறுநாளே வைக்கமாட்டார். உடம்பு பழக வேண்டும், மேகமும் விலக வேண்டும். இன்டர்லாக்கனில் சில இரவுகள் தங்கவைத்து, காலையில் மலையுச்சிக் கேமராவைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்படி நாளைத் திறந்தே வைப்பார். இந்த நெகிழ்வுதான் என்னை மயக்குகிறது. விசா, 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு எல்லாம் யாரும் பார்த்துக்கொள்ளலாம்.

யுங்ஃப்ராயோக் போகும் வழியில், 2020-இல் தொடங்கிய ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் கார் கிரிண்டெல்வால்டிலிருந்து 15 நிமிடத்தில் ஐகர்கிளெட்ஷர் நிலையத்துக்கு ஏற்றிவிடும். அங்கே ரயிலுக்கு மாற வேண்டும். அம்மா அங்கேயே திரும்ப நினைத்தால் எப்படி இறங்குவது என்பதையும் எழுதியிருப்பார்.