முள்ளைப் பார், பேர் சொல்

கஞ்சமலை அடிவாரத்திலோ காரவள்ளிப் பக்கத்துக் கரட்டிலோ பேர் தெரியாத புதர் எதிர்ப்பட்டால், எல்லோரும் முதலில் பூவைத்தான் தேடுகிறார்கள். சேலம், நாமக்கல் வெயிலில் பூவுக்குக் காத்திருக்க முடியுமா? முள் எந்த மாதமும் இருக்கும்.

கணுவுக்கு நான்கு முள், வெள்ளைப் பழம் என்றால் சங்கஞ்செடி. முள் ஜோடியாக, நேராக நீட்டி, எதிரெதிர் இலைக்காம்புகளுக்கு நடுவே பொடிச் செதில் தெரிந்தால் காரை. மஞ்சளாகப் பழுத்ததைத் தின்னாமல் மேலே நடப்பது பாவம். கொக்கிபோல் வளைந்த முள், மாறி மாறி வரும் இலை, இலையடியிலிருந்தே கிளம்பும் மூன்று நரம்புகள்: சூரை. அதை நாம் அடையாளம் காணுமுன் அது நம் வேட்டியைப் பிடித்துவிடும்.

முள்ளில்லையா? இலையைத் தொடுங்கள். பிசுபிசுப்பும் இறக்கை வைத்த காயும் விராலிக்கு. கசக்கினால் நெடியடிக்கும் மூன்று, ஐந்து விரல் இலை நொச்சிக்கு.

இதிலும் பிடிபடாததற்கு தாவரவியலாளர் கே.எம். மேத்யூவின் நூல் இருக்கிறது. திருச்சி ராப்பினாட் ஹெர்பேரியத்திலிருந்து 1981-83இல் அவர் கொண்டுவந்த தமிழ்நாட்டுக் கர்நாடிக் பகுதித் தாவரநூலில் நம் கரடுகளும் அடக்கம். கோட்டோவியங்களுக்கே தனித் தொகுதி. செல்போன் படத்தைவிட நான் அதையே நம்புவேன். படமெடுப்பவர்கள் கணுவை விட்டுவிட்டு இலையை மட்டும்தான் எடுக்கிறார்கள்.