குனிந்து பார்க்க வேண்டிய காடு

இலையுதிர் காலம் வந்துவிட்டால் டொராண்டோவிலிருந்து வடக்கே அல்கொன்குயின் பூங்காவை நோக்கிக் கார்கள் வரிசைகட்டும். நம்மவர்களும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். எல்லாம் மேப்பிள் இலை சிவப்பதைப் பார்க்கத்தான். அந்தப் பூங்காவுக்குள் ஓடும் 60-ஆம் நெடுஞ்சாலையில், 42-ஆவது கிலோமீட்டரைத் தாண்டியதும் 'ஸ்ப்ரூஸ் பாக் போர்ட்வாக்' என்ற பலகை வரும். இறங்கிப் பார்த்தால் ஒல்லியும் சொத்தையுமாய் நிற்கும் ஊசியிலை மரங்கள். "இதைப் பாக்கவே வந்தனாங்கள்?" என்று கேட்கத் தோன்றும்.

அண்ணாந்து பார்த்தால் அப்படித்தான். குனியுங்கள்.

பலகைப் பாதையின் இருபுறமும் பச்சையும் சிவப்புமாக மெத்தைபோல் கிடப்பது ஸ்பாக்னம் பாசி. இந்தக் காட்டில் எஜமான் அதுதான், மரங்கள் குடித்தனக்காரர்கள். தன் உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்துவைக்கும். நீரில் உள்ள சொற்பச் சத்துகளையும் உறிஞ்சிக்கொண்டு, பதிலுக்கு அமிலத்தன்மையை ஏற்றிவிடும். குளிர், புளிப்பு, காற்றுப் புகாத ஈரம் மூன்றும் சேர்ந்ததால் செத்த பாசி முழுதாக மக்குவதில்லை. அடியில் படிந்து பீட் ஆகிறது. அது ஒரு மீட்டர் சேரவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிடிக்கும். ஊறுகாய்ப் பானைக்குள் முளைத்த காடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மரத்துக்கு வருவோம். கறுப்பு ஸ்ப்ரூஸ். உங்கள் உயரமே இருக்கும் ஒன்றுக்கு நூறு வயது ஆகியிருக்கலாம். கன்று என்று நினைத்துவிடாதீர்கள். அதன் கீழ்க்கிளைகளைக் கவனியுங்கள். பாசி வளர வளர அவற்றை மூடிவிடும். மூடிய கிளை அங்கேயே வேர்விட்டு, நுனி நிமிர்ந்து தனி மரமாகும். நடுவில் தாய், சுற்றிலும் பிள்ளைகள். நம் ஆலமரத்தில் விழுது மண்ணைத் தேடி இறங்கும். இங்கே பாசி கிளையைத் தேடி ஏறி வருகிறது.

பாசிக்கு நடுவே செந்நரம்பு ஓடிய குடுவைகள் தெரிந்தால் சற்று நில்லுங்கள். பூச்சி தின்னும் குடுவைச்செடி அது. மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. எட்டிப் பாருங்கள். பூச்சிகள் மூழ்கிச் சாகும் அந்தத் தண்ணீரிலேயே ஒருவகைக் கொசுவின் புழுக்கள் நிம்மதியாக நீந்தும். குளிர்காலத்தில் பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்து, கோடையில் எழும். வடக்கே உள்ள இந்த இனக் கொசு மனிதரைக் கடிப்பதில்லை. மற்ற கொசுக்கள் அதற்கும் சேர்த்துக் கடிக்கும். ஜூனில் போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

சாம்பல் நிறப் பறவை ஒன்று அச்சமின்றி அருகில் வந்தால் அது கனடா ஜே. கோடையில் கிடைத்ததைப் பசைபோன்ற எச்சிலில் உருட்டி, மரப்பட்டை இடுக்குகளில் ஒட்டிவைத்து, குளிர்காலம் முழுக்க அதில் காலம் தள்ளும். பனி உருகுமுன்பே, மார்ச்சில், முட்டையிட்டுவிடும் அளவுக்கு அந்தக் கையிருப்பில் அதற்கு நம்பிக்கை.

நடை ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பலகையை விட்டுப் பாசியில் கால்வைக்க வேண்டாம். மேப்பிள் கொட்டி, கூட்டம் கலைந்த பிறகு, அக்டோபர் பிற்பாதியில் போவது என் விருப்பம். ஊசியிலை மரமாயிருந்தும் இலையுதிர்க்கும் டாமராக், பொன்னாக மின்னுவது அப்போதுதான்.