வெற்று முடியும் நிறைந்த ஏடுகளும்: புதுக்கோட்டைச் சமஸ்தான இணைப்பு குறித்த வரலாற்றெழுத்து

திறவுச்சொற்கள்: புதுக்கோட்டை, சமஸ்தான இணைப்பு, இறையாண்மை, மேலாண்மை, வரலாற்றெழுத்து

ஏறத்தாழ 1,180 சதுர மைல் பரப்புடைய புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் மாதம் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. இந்நிகழ்வைக் கூறும் உள்ளூர் வரலாற்று எழுத்துகள் பெரும்பாலும் ஒரே தொனியில் அமைந்துள்ளன. மன்னர் இராஜகோபாலத் தொண்டைமான் தம் நாட்டை மனமுவந்து அளித்தார் என்பதே அவற்றின் சாரம். குருதி சிந்தாமல் ஆட்சி கைமாறியது உண்மை. ஆயினும், 'கொடை' என்னும் சொல் அதற்கு முந்தைய நீண்ட ஆயத்தத்தை மறைத்துவிடுகிறது என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது.

1947ஆம் ஆண்டு இந்திய விடுதலைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, சமஸ்தானங்களின் மீது பிரித்தானிய முடியாட்சிக்கு இருந்த மேலாண்மை அவ்வாண்டு ஆகஸ்டு 15இல் அற்றுப்போவதாகக் கூறியது. அம்மேலாண்மை தில்லி அரசுக்கு மாற்றப்படவில்லை. சேர்க்கைப் பத்திரமோ பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு ஆகிய மூன்றை மட்டுமே ஒன்றியத்திற்கு வழங்கியது. எனவே, அடுத்த ஆறரை மாதங்களில் புதுக்கோட்டை அரியணை சட்டப்படி பெற்றிருந்த தகுதி, ஆங்கிலேயர் காலத்தில் அதற்கு வாய்க்காத ஒன்று. இந்த இடைக்காலத்தை உள்ளூர் நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன.

நிக்கோலஸ் டர்க்ஸின் 'தி ஹாலோ கிரவுன்' (1987) என்னும் நூல் இதற்கு நேர்மாறான திசையில் செல்கிறது. காலனியம் முடியை விட்டுவைத்து அதன் அரசியல் உள்ளீட்டை உறிஞ்சிவிட்டது என்பது அவர் கருத்து. 1888இல் தொடங்கிய இனாம் தீர்வையை அவர் ஆராயும் பகுதி இன்றும் விஞ்சப்படாதது. மானியம் பெற்றவன் அரசனோடு கொண்டிருந்த உறவு வரிக்கணக்காகச் சுருங்கியதை அவர் தெளிவாகக் காட்டுகிறார். ஆனால், முடி வெறுமையானபோது அவ்விடத்தில் எது வளர்ந்தது என்னும் வினா அவர் நூலில் போதிய கவனம் பெறவில்லை.

அங்கு வளர்ந்தது அலுவலகம். சேஷையா சாஸ்திரி திவானாக இருந்த காலம் (1878–1894) தொட்டே நிர்வாகம் மன்னரைச் சார்ந்திராமல் இயங்கப் பழகியது. 1928இல் ஆறு வயதுச் சிறுவர் அரியணை ஏறியபோதும் ஆட்சி தடைப்படவில்லை. அவர் முழு அதிகாரம் பெற்றது 1944இல்தான். நாட்டை 'அளித்தவர்' அதனை முழு அதிகாரத்துடன் ஆண்டது நான்கே ஆண்டுகள் என்பது நோக்கத்தக்கது.

இவ்வாயத்தத்தின் சிறந்த சான்று சமஸ்தானம் வெளியிட்ட நூல்களே. ஆயிரத்திற்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் மூலபாடம் 1929இல் அச்சேறியது. கே. ஆர். வேங்கடராம ஐயரின் 'மானுவல்' 1938 முதல் 1944 வரை வெளிவந்தது. நிலம், பாசனம், வருவாய், கோயில், ஊர் என அனைத்தையும் அது விவரிக்கிறது. இதனை நாம் வழக்கமாகத் தகவற் களஞ்சியமாகவே பயன்படுத்துகிறோம். சித்தன்னவாசலுக்கும் குடுமியான்மலைக்கும் மேற்கோள் எடுத்துக்கொண்டு மூடிவிடுகிறோம். ஒப்படைப்பதற்கேற்பத் தன்னைத்தானே பட்டியலிட்டுக்கொண்ட ஓர் அரசின் ஆவணமாகவும் அதனை வாசிக்கலாம். அத்தகைய நோக்கம் ஆசிரியருக்கு இருந்தது என்று நான் கூறவில்லை. விளைவு அவ்வாறு அமைந்தது.

இப்பட்டியலில் இடம்பெறாதது குடிகளின் இசைவு. 1902இல் அமைந்த பிரதிநிதித்துவ சபை ஆலோசனை கூறும் அளவிலேயே நின்றது. 1924இல் தோன்றிய சட்டமன்றத்திற்கும் இறையாண்மை குறித்து முடிவெடுக்கும் உரிமை இல்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 1954 அக்டோபர் 18இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தனர். 170 பேர் இணைப்பை ஆதரித்தனர், எட்டுப் பேர் எதிர்த்தனர். அது நேரடி மக்கள் வாக்கெடுப்பு அன்று என்னும் குறை உண்டு. எனினும் அந்த எட்டு வாக்குகள் ஏட்டில் உள்ளன. புதுக்கோட்டையில் எதிர்த்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவதற்கான ஏற்பாடே இல்லை.

இணைப்புக்குப் பின் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிருந்த இந்நிலப்பரப்பு 1974 ஜனவரி 14இல்தான் தனி மாவட்டத்தின் பகுதியாயிற்று. மன்னரின் அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது. சமஸ்தானத் தலைநகராயிருந்த ஊர் இடைப்பட்ட 26 ஆண்டுகளில் எதை இழந்தது, எதைப் பெற்றது என்பதைக் கொடைக் கதையும் கேட்பதில்லை. வெற்று முடிக் கோட்பாடும் கேட்பதில்லை. இணைப்பை ஆராய முற்படுவோர் அரண்மனைக் கடிதங்களுக்கு முன்னதாகச் சமஸ்தானச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளையும், 1948க்குப் பிந்தைய வருவாய்த்துறைக் கோப்புகளையும் தேடிப் படிப்பது பயன் தரும்.