பின்னால் இரண்டு மீட்டர்

மைசூருவுக்கு அருகே உள்ள நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரின் வாடகை வீடு. ஹாலில் டிவிக்கு எதிரே ஒரு ட்ரெட்மில். பக்கத்தில் சோபா, பின்புறத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கைப்பிடியில் துண்டும் பள்ளிச் சீருடையும் காய்ந்துகொண்டிருந்தன. சிவப்பு நிறப் பாதுகாப்புச் சாவி அதன் இடத்திலேயே செருகியிருந்தது. ப்ளக்கையும் யாரும் கழற்றவில்லை. நண்பரின் இரண்டரை வயது மகள் பெல்ட்டின் மேல் பொம்மைக் காரை உருட்டிக்கொண்டிருந்தாள். "அங்க போகாத கண்ணு" என்று பாட்டி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தார். அந்த வீட்டில் குழந்தைக்கும் இயந்திரத்துக்கும் நடுவே இருந்த காவல் அந்தக் குரல் ஒன்றுதான்.

அந்தக் காவல் போதுமா? போதாது என்றால், சிறு குழந்தை உள்ள வீட்டில் உடற்பயிற்சிக் கருவி எந்த நிபந்தனையில் இருக்கலாம்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வர வேண்டியிருக்கிறது.

கருவியின் பக்கம் உள்ள நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பங்கேற்ற ஐசிஎம்ஆர்-இந்தியாப் (INDIAB) ஆய்வு 2023-ல் வெளியிட்ட கணக்குப்படி, நாட்டில் சுமார் 10 கோடிப் பேர் சர்க்கரை நோயோடு வாழ்கிறார்கள். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஷிப்டு முடிந்து இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புகிறவருக்கும், விடியற்காலையில் தனியே தெருவில் நடக்கத் தயங்கும் பெண்ணுக்கும் வீட்டுக் கருவி ஆடம்பரம் ஆகாது. ஆகவே "வாங்கவே கூடாது" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியாது.

எடைபோட ஒரு தராசு வேண்டும். விபத்துத் தடுப்புக்கு அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஹாடன் 1970-களில் வகுத்த பத்து வழிகளை நான் அப்படி எடுத்துக்கொள்கிறேன். ஆபத்தை உண்டாக்காமலே விடுவது, ஆபத்தையும் மனிதரையும் இடத்தாலோ நேரத்தாலோ பிரித்துவைப்பது, நடுவே தடுப்பு வைப்பது, பொருளின் வடிவத்தையே மாற்றுவது என்று அவை விரிகின்றன. அவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது: ஒவ்வொரு முறையும் ஒருவர் நினைவு வைத்துச் செய்தால்தான் பலிக்கும் காப்பு பலவீனமானது, ஒருமுறை செய்துவிட்டால் தானாக நிற்கும் காப்பு பலமானது.

மைசூரு வட்டாரம் இதை ஹாடனுக்கு முன்பே நடைமுறையில் வைத்திருந்தது. இங்குள்ள 'கரடி மனை' என்ற மல்யுத்தப் பயிற்சிக் கூடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தமிழில் கரடிக்கூடம் என்று நாம் சொன்னதும் இதைத்தான். செம்மண் களம், கர்லாக்கட்டை, கதாயுதம் எல்லாம் அதற்கென்று கட்டிய தனி வீட்டுக்குள் இருக்கும். பையன்கள் உஸ்தாத் எனப்படும் ஆசானின் கண்முன்னே உள்ளே போவார்கள். பயிற்சி முடிந்தால் கதவு மூடும். இடத்தாலும் நேரத்தாலும் பிரித்துவைப்பது என்பது இதுதான். அந்தத் தனி வீட்டை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் நாம் ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

ட்ரெட்மில்லில் ஆபத்து ஒளிந்திருக்கும் இடம் பின்புறம். மேலே பெல்ட் பின்னோக்கி ஓடி, கடைசி உருளையைச் சுற்றி அடியில் புகுகிறது. அந்த வளைவில் எது பட்டாலும் கீழே இழுபடும். மணிக்கு 6 கிலோமீட்டர் வேகம் என்பது பெரியவருக்கு விறுவிறுப்பான நடை. அந்த வேகத்தில் பெல்ட் நிமிடத்துக்கு 100 மீட்டர் ஓடுகிறது. ஒன்றரை வயதுக் குழந்தை ஓடுவதைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டும். சட்டென்று இழுத்துக்கொள்ளத் தெரியாது. உள்ளங்கைத் தோல் உராய்ந்து வெந்துபோகிறது. ஆழமான காயத்துக்குத் தோல் ஒட்டும் அறுவை தேவைப்படும். குழந்தை வளரும்போது தழும்பு அதற்கு ஈடாக வளராது. விரல்கள் உள்நோக்கி மடங்கிக்கொள்ளும். மருத்துவ இதழ்கள் பல ஆண்டுகளாகப் பதிவு செய்துவரும் காயம் இது. நடப்பவரோ முன்னால் பார்க்கிறார், காதில் பாட்டு ஓடுகிறது, மோட்டார் இரைகிறது. பின்னால் வரும் குழந்தை அவர் கண்ணிலும் படாது, காதிலும் விழாது.

இனி காப்புகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

பாதுகாப்புச் சாவி: சட்டையில் கிளிப் மாட்டி நடந்தால், நடப்பவர் தடுமாறும்போது சாவி பிடுங்கிக்கொண்டு பெல்ட் நிற்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது நடப்பவர் விழுந்தால் நிற்கும். குழந்தை வந்தால் நிற்காது. பயன்படுத்தாத நேரத்தில் கழற்றிப் பூட்டிவைத்தால்தான் குழந்தைக்குக் காப்பு. அதுவும் ஒருவரின் நினைவை நம்பியது.

எச்சரிக்கை ஒட்டி: குழந்தைகளை விலக்கிவையுங்கள் என்று எழுதியிருக்கும். வாசிக்கத் தெரிந்தவருக்கு அது தேவைப்படாது, தேவைப்படுகிறவருக்கு வாசிக்கத் தெரியாது.

கண்காணிப்பு: இதற்கான விடையை 2021-ல் அமெரிக்கா கண்டது. பெலோடன் நிறுவனத்தின் ட்ரெட் பிளஸ் இயந்திரத்தால் ஆறு வயதுக் குழந்தை இறந்தது. அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஏப்ரல் 17 அன்று பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. நிறுவனம் முதலில் மறுத்தது. மே 5 அன்று தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டு, சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டார். ஆட்களோ பிராணிகளோ பொருள்களோ பின்புறத்தில் இழுபட்டதாக 72 புகார்கள். அவற்றில் 29 குழந்தைகளின் காயம் பற்றியவை. தகவலை உரிய நேரத்தில் தெரிவிக்காததற்காக 2023 ஜனவரியில் 1 கோடியே 90 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விழுந்தது. இவற்றில் ஒரு செய்திதான் நம் கேள்விக்கு மிக முக்கியம்: பெற்றோர் அதே இயந்திரத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தபோதே குழந்தை அடியில் இழுபட்ட சம்பவமும் உண்டு என்று ஆணையம் சொன்னது. பெற்றோர் அருகில் இருப்பதே காப்பு என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, நியாயமானது. ட்ரெட் பிளஸ் தரையிலிருந்து உயரமாக நிற்கும், பட்டைகளால் ஆன பெல்ட் கொண்ட தனி வகை. நம் வீடுகளில் உள்ள சாதாரண ட்ரெட்மில் குழந்தையை முழுதாக இழுக்கும் வாய்ப்பு குறைவு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையை இழுக்க அதன் இடுக்கு தாராளமாகப் போதும். அதோடு, அந்த நிறுவனத்துக்குக் கிடைத்த தீர்வு பின்புறத் தடுப்புதான். 2023 மே மாதம் ஆணையம் அதற்கு ஒப்புதல் தந்தது. வடிவத்தை மாற்றுவது பலித்தது, அறிவுரை பலிக்கவில்லை.

காலி இடம்: பின்னால் 2 மீட்டர், பக்கங்களில் அரை மீட்டர் விட வேண்டும் என்பது அமெரிக்கத் தர விதி. நண்பர் வீட்டில் பின்னால் இருந்தது ஒரு சாண். சுவரை ஒட்டி வைத்தால், விழுந்தவர் பெல்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி உராய்ந்துகொண்டே இருப்பார். இடத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து நாம் செய்வது ஆபத்தைக் கூட்டுகிறது.

கதவு: பூட்டும் அறை. சாத்தினால் தானாகத் தாழ் விழும் வகையாக இருந்தால் யாருடைய நினைவையும் கேட்காது. தராசில் மிகக் கனமான காப்பு இதுதான்.

மற்ற கருவிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஸ்பின் சைக்கிளுக்கு மின்சாரம் வேண்டாம். குழந்தை கையாலேயே பெடலைச் சுற்றி, மறு கை விரலைச் செயினில் கொடுக்கும். ப்ளக்கைக் கழற்றுவதால் பயன் இல்லை. செயினும் சக்கரமும் முழுதாக மூடியிருக்கும் மாதிரியே வாங்கத் தக்கது. டம்பெல்லை அடுக்கும் ஸ்டாண்டு ஏணிபோல் இருப்பதால் குழந்தை ஏறும். பூட்டும் பெட்டி போதும். இழுவிசை ரப்பர் கயிறு கழுத்தில் சுற்றும்; ஆணியில் தொங்கவே கூடாது. 2009-ல் குத்துச்சண்டை வீரர் மைக் டைசனின் நான்கு வயது மகள் உயிரிழந்தது ட்ரெட்மில்லில் தொங்கிய கயிற்றால்தான்.

எல்லாவற்றிலும் அதிகம் ஒளிந்திருப்பது பட்டன் பேட்டரி. எடை பார்க்கும் மெஷினிலும், வாக்கிங் பேடு ரிமோட்டிலும், எண்ணிக்கை காட்டும் ஸ்கிப்பிங் கயிற்றிலும் அது இருக்கக்கூடும். விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாக அரித்துவிடும். நஞ்சன்கூட்டிலிருந்து மைசூருவின் பெரிய மருத்துவமனைகளுக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல். சந்தேகம் வந்த நிமிடமே கிளம்ப வேண்டும். மூடி திருகாணியால் இறுக்கப்படாத எந்த ரிமோட்டையும் குழந்தை எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது.

சட்டத்தின் பங்கும் எடையில் வர வேண்டும். 14 வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். அந்தப் பெண் குழந்தை உருட்டிய காருக்கு அந்த ஆணை பொருந்தும். கார் உருண்ட பெல்ட்டுக்குப் பொருந்தாது, அது பொம்மை இல்லையே. ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போதிய எச்சரிக்கை தராத உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. ஆபத்தான பொருளைத் திரும்பப் பெறச் சொல்லும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம். குழந்தைக்குக் கருவியால் காயம் பட்டால், நம் கவனக்குறைவு என்று நாமே தலையில் அடித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறோம். புகார் எழாத இடத்தில் வடிவம் மாறாது.

முடிவு இது. பூட்டும் அறையும் பின்னால் 2 மீட்டர் இடமும் இருந்தால் மோட்டார் ட்ரெட்மில் வைத்துக்கொள்ளலாம். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும், பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தை உள்ள வீட்டில் அது கூடாது. அந்த 150 நிமிடத்தைத் தேர் வீதியிலும் கபிலை ஆற்றங்கரையிலும் நடந்து முடிக்கலாம். வெளியே போக முடியாதவருக்கு மூடிய சக்கரம் கொண்ட சைக்கிள் போதும். பாட்டியின் குரலைக் காப்புக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. எத்தனை பாசம் இருந்தாலும், அடுப்பில் பால் பொங்கும் நேரத்தில் அந்தக் குரல் எழாது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றே எழுந்துபோய் சிவப்புச் சாவியைக் கழற்றி, குழந்தைக்கு எட்டாத அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். ப்ளக்கைக் கழற்றுங்கள். பிறகு டேப்பை எடுத்து, பின்னால் எத்தனை அடி இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.