டப்பாவில் கிடைக்காத நாற்பத்தைந்து நிமிடம்

பெண்ணுடல் பற்றிய பேச்சு வந்தால் ‘இஞ்சி இடுப்பழகி’யை யாராவது ஒருவர் இன்றும் குறிப்பிடுகிறார்கள். பிரகாஷ் கோவலமுடி இயக்கி 2015 நவம்பரில் வெளிவந்த படம். அனுஷ்கா ஏற்ற ஸ்வீட்டி குண்டானவள். அவளுக்குக் கல்யாணம் தட்டிப்போவதே அம்மாவின் தீராக் கவலை. பிரகாஷ்ராஜ் நடத்தும் உடல் மெலிவு நிலையத்தின் குறுக்குவழியை நம்பிய தோழி ஜோதிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. ஸ்வீட்டி அந்த நிலையத்துக்கு எதிராகக் கிளம்புகிறாள். மெலிவை விற்கும் வியாபாரியை வில்லனாக நிறுத்திய தமிழ்ப் படங்கள் அரிது. அந்த மரியாதை இந்தப் படத்துக்கு என்னிடம் எப்போதும் உண்டு.

என் குறை வேறு. படம் வில்லனைச் சரியாகப் பிடித்தது. அவன் எதை மூலதனமாக வைத்துப் பிழைக்கிறான் என்று கேட்கவில்லை. பெண்ணின் வெட்கம் மட்டும் அவனுக்குப் போதாது. அவளுக்கு நேரம் இல்லை என்பதும் வேண்டும். நேரமில்லாதவளிடம்தான் குறுக்குவழியை விற்க முடியும். ஸ்வீட்டியின் வீடு வசதியானது. அவளுடைய நாள் எப்படிக் கழிகிறது, அதில் எவ்வளவு அவளுக்குச் சொந்தம் என்று படம் கணக்குப் பார்ப்பதே இல்லை.

அந்த வில்லன் இப்போது மொழியை மாற்றிக்கொண்டான். 2020க்குப் பிறகு ‘ஒல்லியாகலாம்’ என்று அவன் சத்தம்போடுவதில்லை. ‘எதிர்ப்புச் சக்தி’ என்கிறான். கபசுரக் குடிநீர் வீதிவீதியாகக் கொடுக்கப்பட்ட மாதங்களில் நம் எல்லோர் வாயிலும் ஏறிய சொல் அது. திருச்சி மன்னார்புரத்தில் என் வீட்டு நாளிதழுக்குள் மடித்து வரும் ஜிம் நோட்டீஸ்களில் அந்தச் சொல் இன்னும் இறங்கவில்லை. பருமனான பெண்ணுக்கு நோய் சீக்கிரம் தொற்றும். ஆகவே மூச்சுமுட்டும் பயிற்சி, கூடவே ஒரு புரோட்டீன் பவுடர், ஒரு சத்து மாத்திரை என்பதே அவற்றின் சாரம். அழகுக்காகக் குறை சொன்னால் நாம் எதிர்த்துப் பேசுவோம். ஆரோக்கியத்துக்காகச் சொன்னால் தலையாட்டுவோம். வெட்கத்துக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

நோட்டீஸ் சொல்வதில் உண்மையே இல்லை என்று நான் வாதாடவில்லை. உடல் பருமன் உள்ளவர்களுக்குக் கோவிட் கடுமையாகும் வாய்ப்பு கூடுதல் என்பது உலகம் முழுவதும் தெரியவந்தது. உடற்பயிற்சி நல்லது என்பதிலும் சண்டையில்லை. சண்டை, எந்தப் பயிற்சி, எந்தச் சத்து என்பதில்.

பருமனான பெண்களையே வைத்து இதைச் சோதித்த ஓர் ஆய்வு உண்டு. டேவிட் நீமனும் சக ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 1990இல் வெளியிட்டது. ஓரளவு பருமனான, உடற்பயிற்சிப் பழக்கமில்லாத 36 பெண்கள். அவர்களில் ஒரு பிரிவினர் 15 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு 45 நிமிடம் வேகமாக நடந்தார்கள். அவ்வளவுதான். நடந்தவர்களுக்குச் சளி, தொண்டைக் கட்டு போன்ற தொல்லைகள் நடக்காதவர்களைவிடக் குறைந்த நாள்களில் தீர்ந்தன. சிறிய ஆய்வுதான். ஆனால் அதில் டப்பா இல்லை, மூச்சுமுட்டலும் இல்லை. 1987 லாஸ் ஏஞ்சலஸ் மாரத்தானை ஆராய்ந்தவரும் இதே நீமன்தான். ஓடி முடித்த வாரத்தில், ஓடியவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேர் நோய்த்தொற்று கண்டதாகச் சொன்னார்கள்; பயிற்சி இருந்தும் அன்று ஓடாதவர்களில் 2 பேர்தான். கடும் பயிற்சி எதிர்ப்பைக் குறைக்கிறதா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் மோதிக்கொள்கிறார்கள். ஆனால் ‘எவ்வளவு கடுமையோ அவ்வளவு சக்தி’ என்ற நோட்டீஸ் கணக்கு அதிலிருந்து கிடைக்காது.

மாத்திரைக்கு வருவோம். கோவிட் நோயாளிகள் 214 பேரிடம் துத்தநாகத்தையும் வைட்டமின் சியையும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2021இல் வந்தது. சொல்லும்படியான பலன் இல்லை. வைட்டமின் டி பற்றிய 25 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த கட்டுரை, மூச்சுத்தொற்று ஓரளவு குறைவதைக் கண்டது. அதிகப் பலன் பெற்றவர்கள், ஏற்கெனவே அந்தச் சத்து மிகவும் குறைந்திருந்தவர்கள். இல்லாததைக் கொடுத்தால் உதவும். இருப்பதன் மேல் கொட்டினால் காசுதான் கரையும். இந்தியாவில் இப்படி விற்கும் டப்பாக்களில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. நோட்டீஸில் அந்த வரி வருவதில்லை.

நம்மிடம் இல்லாதது எது? ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள். அதே வயதில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டு எண்களையும் கூட்டினால் நூறை நெருங்குகிறது. ஒரே பெண்ணிடம் இரண்டும் இருக்கவும் முடியும். தட்டில் சோறு நிறைந்தும் இரத்தத்தில் இரும்பு இல்லாத அவளை மூச்சுமுட்ட ஓடவிடுவதற்குமுன், இரத்தப் பரிசோதனை செய்தாயா என்று எந்த நோட்டீஸ் கேட்கிறது?

மிச்சம் இருப்பது அந்த 45 நிமிடம். 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லா வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குத் தரும் நேரம் நாளுக்கு 299 நிமிடம். அந்த வேலை செய்கிற ஆண்கள் தருவது 97 நிமிடம். நடப்பதற்கான நேரம் அந்த 299க்குள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது. விடியலில் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு நடக்கும் பெண்களை மன்னார்புரம் பக்கம் பார்க்கிறேன். ரவுண்டானாவில் லாரியும் பேருந்தும் விடியுமுன்பே நெரிகின்றன. நடைபாதை பாதி இடங்களில் வண்டி நிறுத்துமிடம். அடுப்பில் குக்கர் வைக்கும் நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும் என்பதால், வேக நடை அவர்களுக்கு யாரும் சொல்லித் தராமலே வந்துவிடுகிறது.

ஸ்வீட்டி கேட்டது, ‘என்னை இப்படியே ஏற்றுக்கொள்’ என்பது. நியாயமான கேள்வி, ஆனால் ஏற்றுக்கொள்ள இன்னொருவர் வேண்டும். சேலையும் ஷூவுமாக நடப்பவள் கேட்க வேண்டியது அதைவிடச் சிக்கலானது. என் இரத்தத்தைப் பரிசோதித்துச் சொல். நான் நடக்க ஒரு நடைபாதை கொடு. நான் திரும்பி வரும்வரை குக்கரை நீ பார்த்துக்கொள். இந்த மூன்றையும் அளவெடுத்து அடைக்கும் டப்பா எந்தக் கடையிலும் இல்லை.